ஆறு வழிச் சாலையும் இரட்டை இருப்புப்பாதையும்

சென்னை மாநகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் திருவள்ளூர் ஜில்லாவின் படத்தை விரித்துப் பார்க்கிறவர்களுக்கு, அந்த ஜில்லாவில் ஓடும் இரண்டு பெரிய இருப்புப்பாதைகளும் சென்னையிலே புறப்பட்டு, ஒன்றையொன்று விட்டு விலகி, ஒன்று பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர தேசத்துக்கும், மற்றொன்று ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணத்துக்கும் போய்விடுவதும், ஜில்லாவின் தலைநகரத்துக்கும் அதன் பிரதான தொழில் ஸ்தலத்துக்கும் நடுவில் நேர் ரயில் என்பதே இல்லாதிருப்பதும் உடனே கண்ணில் படும். கும்மிடிப்பூண்டிவாசி ஒருவர் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பதற்கு ரயிலில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால், தெற்கே பேசின் பிரிட்ஜ் வரையில் வந்து, அங்கே வண்டி மாறி, மறுபடியும் மேற்கு நோக்கிப் பிரயாணம் செய்தாக வேண்டும். இந்த இடைவெளியில்தான் இப்போது புதிய சாலைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆறு வழிச் சாலைகள், சுங்கச் சாலைகள். அவற்றையும், அவற்றுக்காகக் காத்திருக்கச் சொல்லப்பட்ட ஜனங்களையும் நேரில் பார்த்து வரலாம் என்ற எண்ணத்துடன், சொந்த வாகனம் எதையும் நாடாமல், பஸ்ஸிலும் ரயிலிலுமாக அந்தப் பிரதேசத்தைச் சுற்றி வந்தேன்.

மாதவரத்தில் ஆந்திராவுக்குப் போகும் பஸ்களுக்கென்று 2018-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நிலையத்தை விட்டு வடக்கே திரும்பினால், இடது புறத்தில் புழல் ஏரியின் கரை சிறிது தூரம் கூடவே வருகிறது. அது முடிந்ததும் செங்குன்றம். நெல் அரைக்கும் ஆலைகளுக்கும் அரிசி வியாபாரத்துக்கும் பேர்போன இவ்வூரில், மூட்டை ஏற்றுகிற லாரிகளும், துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றி வருகிற டிரெய்லர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும், மீன் கூடைகளும், ஒரே சாலையை ஒரே நேரத்தில் உபயோகிக்க முயல்வதால் உண்டாகும் குழப்பத்தை எழுத்தில் கொண்டு வருவது கடினம். பாடியநல்லூரைத் தாண்டிய பிறகுதான் பஸ்ஸுக்கு மூச்சு வருகிறது. வந்த மூச்சும் நல்லூர்ச் சுங்கச்சாவடியில் வரிசை பிடித்து நிற்பதற்கே சரியாக இருக்கிறது.

சுங்கச்சாவடி என்று பத்திரிகைகளில் எழுதுகிறோமே தவிர, ஜனங்கள் வாயில் அது டோல்கேட்தான். வரிசையில் எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நின்றது; அந்தச் சுருள்கள் மூன்றும் சங்கிலியால் இறுக்கப்பட்டு, சங்கிலியின் கீழே பழைய டயர்த் துண்டுகள் செருகப்பட்டிருந்தன. பக்கத்து வரிசையில் ஒற்றை ஆள் உட்கார்ந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தூவிய பையன் ஒருவன் அந்தக் கார்களின் மூடிய கண்ணாடிகளை விட்டுவிட்டு, எங்கள் பஸ்ஸின் திறந்த ஜன்னல்களுக்கே வந்தான். அவனுக்கு வியாபாரம் எங்கே நடக்கும் என்பது தெரிந்திருந்தது. கண்டக்டரிடம், சர்க்கார் பஸ்ஸுக்குமா சுங்கம் என்று கேட்டேன். "ஆமா சார், எங்களுக்கு மட்டும் சும்மாவா விடுவாங்க? ஸ்டிக்கர்லேருந்து பணம் போயிடும், ஒவ்வொரு நடைக்கும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில், கிலோமீட்டர் ஒன்றுக்குக் காருக்கு 65 காசு என்றும், பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என்றும் அடிப்படை விகிதம் வகுத்தார்கள்; அந்த அடிப்படையின் மேல்தான் வருஷந்தோறும் ஏப்ரல் மாதத்தில் கட்டணம் ஏறிவருகிறது. ஐம்பது பேரைச் சுமந்து செல்லும் பஸ்ஸைத் தலைக்கணக்கில் வகுத்துப் பார்த்தால் கார்க்காரரைவிட மிகக் குறைவாகத்தானே வருகிறது என்று சிலர் சொல்லக்கூடும், கணக்கு சரிதான். ஆனால் சாலையை நெருக்குகிறவர் யார், நெரிசலைக் குறைக்கிறவர் யார் என்ற கேள்வியை அந்த விதி கேட்கவேயில்லை. அதே விதிகளில் கட்டணம் செலுத்த வேண்டாதவர்களின் ஜாபிதா ஒன்று இருக்கிறது. அதில் ராஷ்டிரபதி முதற்கொண்டு பார்லிமெண்டு அங்கத்தினர்கள், தத்தம் ராஜ்யத்துக்குள் சட்டசபை அங்கத்தினர்கள் ஈறாகப் பலர் இடம் பெற்றிருக்கிறார்கள். பிரதிநிதி இலவசமாகப் போகலாம். அவருக்கு ஓட்டுப் போட்ட அறுபது பேரை ஏற்றிச் செல்லும் பஸ் பணம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

இதன் விளைவு எதுவரையில் போயிற்றென்றால், 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கப்பலூர், நாங்குநேரி உள்ளிட்ட நான்கு தென்பாண்டிச் சுங்கச்சாவடிகளில் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி ரூபாய் ஆகிவிட்டதென்று, அவ்வழியே அரசு பஸ்களை விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, பிறகு அதைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதற்கடுத்த மாதமே, ஆகஸ்டு 15 முதல், சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்கு 3,000 ரூபாயில் 200 நடை போய் வரக்கூடிய வருஷாந்திரப் பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளில் நடைமுறைக்கு வந்தது. நடைக்குப் பதினைந்து ரூபாய்! கார்க்காரருக்குக் கிடைத்த சலுகையை நான் குறை சொல்லவில்லை. அது பஸ்ஸுக்குக் கிடையாது என்பதைத்தான் சொல்லுகிறேன். ஒரே கோடைகாலத்தின் முடிவில், அடுத்தடுத்து வந்த இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு, நம்முடைய சாலைக் கொள்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலத்தைக் கடந்ததும் சாலை விசாலமாகிறது. முன்பு 5-ஆம் எண்ணும் இப்போது 16-ஆம் எண்ணும் தரித்திருக்கும் இந்தக் கல்கத்தாச் சாலையை, தடா வரையில் நான்கு வழியிலிருந்து ஆறு வழியாக்கும் வேலை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டு, தடைப்பட்டு நின்று, வருஷக்கணக்கில் இழுபட்டதை இப்பக்கத்தார் மறக்கவில்லை. விஸ்தரிப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் நெரிசல். நடந்து முடிந்த இடங்களிலும் காலையிலும் மாலையிலும் நெரிசல். இது நமது ஊருக்கு மாத்திரம் வந்த சாபக்கேடு அன்று. 1962-ஆம் ஆண்டிலேயே அந்தோணி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், பெருநகரங்களின் விரைவுச் சாலைகளில் எவ்வளவு இடம் உண்டாக்கினாலும், வேறு நேரத்தில் போனவர்களும் வேறு வழியில் போனவர்களும் ரயிலில் போனவர்களும் அங்கே வந்து சேர்ந்து, உச்ச நேர நெரிசலைப் பழைய அளவுக்கே நிரப்பிவிடுவார்கள் என்று எழுதிவைத்தார். டெக்ஸஸ் ராஜ்யத்திலுள்ள ஹூஸ்டன் நகரத்தில் கேட்டி என்னும் நெடுஞ்சாலையை, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 வழிகள் வரும்படி 2008-ஆம் ஆண்டுக்குள் விரித்தார்கள். அதன் நடுவிலே சுங்கம் கட்டிப் போகும் வழிகளும் உண்டு. 2011-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே காலை, மாலைப் பிரயாண நேரம் மறுபடியும் ஏறிவிட்டது. இருபத்தாறு வழிகளால் ஆகாத காரியம் ஆறு வழிகளால் ஆகிவிடும் என்று நாம் நம்புவதற்கு ஆதாரம் என்ன?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பேட்டைக்குள் போனால் இந்தப் பிரச்சினையின் மறுபுறம் தெரிகிறது. இரும்பை உருக்கும் உலைகளும், கம்பி இழுக்கும் ஆலைகளும் நிறைந்த அந்தப் பேட்டையில், வாசலுக்கு வாசல் லாரிகள் முறை வைத்து நிற்கின்றன. பழைய இரும்பும், உருக்கிய கட்டிகளும் மின்சார ரயிலில் ஏறி வர முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் இருக்கும்வரையில் டிரெய்லர்களும் இருக்கும். அவற்றுக்கு நல்ல சாலை வேண்டும். அதனாலேதான், ரயிலிலும் பஸ்ஸிலும் போகக்கூடிய மனிதர்களைத் தனித்தனி வாகனங்களில் ஏற்றி அந்தச் சாலைக்கு அனுப்பி வைப்பது பெரிய மதியீனம் என்று நினைக்கிறேன். சரக்கு லாரிக்கு வேறு வழியில்லை. மனிதருக்கு உண்டு, அல்லது இருக்க வேண்டும்.

ஷிப்ட் விடுகிற நேரத்தில் ஓர் ஆலையின் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக நடந்தே போனார்கள். அவர்களுடைய அறைகள் அண்மையில் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் மோட்டார்சைக்கிளைக் கிளப்பினார்கள். பொன்னேரிப் பக்கத்தைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர், தலைக்கவசத்தை டீக்கடைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். ரயில் இருக்கும்போது இந்த நெடுஞ்சாலையில் ஏன் மோட்டார்சைக்கிள் என்று கேட்டேன்.

"ரயிலுக்கு சீசன் எடுத்துத்தான் சார் போய்ட்டிருந்தேன். ரெண்டாவது ஷிப்ட் வந்துச்சின்னா வெளிய வர மணி பத்தரை ஆயிடும். இங்கேருந்து ஸ்டேஷனுக்குப் போக ஷேர் ஆட்டோ கெடைக்காது. கெடைச்சாலும் ஒரு வண்டி போயிடுச்சின்னா அடுத்ததுக்கு எவ்ளோ நேரம் நிக்கிறது? வீட்ல பயப்படறாங்க, லாரிக்கு நடுவுல வராத வராதன்னு. என்னா பண்றது, சொல்லுங்க."

மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கம் இல்லை. ஆகையால் எந்தச் சுங்கச்சாவடியின் வசூல் கணக்கிலும் இந்த மனிதர் அகப்பட மாட்டார். சாலையை விரித்தால் யாருக்கு லாபம் என்று ஆராய்கிறவர்களின் கண்ணுக்கும் அகப்பட மாட்டார். அவருக்கு வேண்டியது ஏழாவது வழி அன்று. இரவு பத்தரை மணிக்கு ஆலை வாசலிலிருந்து ஸ்டேஷனுக்கு ஒரு சிறிய பஸ்ஸும், அந்த பஸ்ஸோடு பொருந்தி வரும் ஒரு லோக்கல் வண்டியும்தான்.

அந்த லோக்கல் வண்டியில் நானும் திரும்பினேன். சென்னையையும் கூடூரையும் இணைக்கும் இந்தப் பாதை 1899-ஆம் ஆண்டு வந்தது. கும்மிடிப்பூண்டி வரையில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது 1979-இல். கட்டணம் இன்றைக்கும் இருபது ரூபாய்க்குள்தான். கவரப்பேட்டையில் ஏறிய இரண்டு பெண்கள், கதவோரத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்து, மடியில் கொட்டி வைத்திருந்த மல்லிகை மொட்டுக்களை வாழைநாரில் தொடுத்துக்கொண்டே வந்தார்கள். பேச்சு ஒரு பக்கம், விரல்கள் ஒரு பக்கம். மீஞ்சூர் வருவதற்குள் பந்து பந்தாகச் சரம் சேர்ந்து, ஈரத்துணியில் சுற்றப்பட்டுவிட்டது. பொன்னேரியில் கல்லூரிப் பிள்ளைகள் ஏறினார்கள்; அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்து வேலையாட்கள் ஏறினார்கள்; எண்ணூரைத் தாண்டியபோது நிற்பதற்கும் இடமில்லை. பன்னிரண்டு பெட்டிகளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் ஒரே நடையில் போய்விடுகிறார்கள். நெடுஞ்சாலையின் ஒரு வழியில், எல்லாம் சீராக அமைந்த நல்ல நிலைமையிலும், மணிக்கு ஏறக்குறைய 2,000 கார்கள்தான் போகலாம் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒற்றை ஆள் கார்களாகப் பார்த்தால், ஒரு மணி நேரத்து வழியும் ஒரு வண்டியும் கிட்டத்தட்டச் சமம்.

அப்படியிருக்க, வண்டிகளை ஏன் பெருக்கவில்லை என்று கேட்டால், பாதையில் இடமில்லை என்பதே விடை. அத்திப்பட்டுக்கு வடக்கே இன்னமும் போக ஒரு பாதை, வர ஒரு பாதை; ஆக இரண்டே இரண்டு. கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகளும், நிலக்கரி வண்டிகளும், சரக்கு வண்டிகளும், லோக்கல்களும் இந்த இரண்டையே பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் ஒதுங்குவதும், பொறுமையிழந்த பிரயாணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்வதும் இப்பாதையில் புதுமையல்ல. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் தேதி இரவு, மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போன பாக்மதி எக்ஸ்பிரஸ் கவரப்பேட்டையில் நேர்ப்பாதையில் போவதற்குப் பதிலாகக் கிளைப்பாதையில் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. உயிர்ச்சேதமில்லாமல் தப்பியது தெய்வாதீனம். அந்த விபத்தின் காரணம் வேறு. ஆனால் இந்தப் பாதையில் எத்தனை வகை வண்டிகள் எவ்வளவு நெருங்கி ஓடுகின்றன என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். அத்திப்பட்டுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் மூன்றாவது, நான்காவது பாதைகள் போட வேண்டும் என்ற கோரிக்கையும் திட்டமும் பழையவை. சாலைக்கு ஆறு வழி அவசரமாகத் தேவைப்பட்ட காலமெல்லாம் ரயிலுக்கு நான்கு பாதை அவசரமாகத் தோன்றவில்லை.

மேற்குப் பக்கத்தைப் பார்ப்பதற்காகத் தச்சூர் கூட்ரோட்டிலிருந்து மறுபடியும் புறப்பட்டேன். தச்சூர் இப்போது பெயர் பெற்றுவிட்டது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரையில் 130 கிலோமீட்டருக்குமேல் நீளும் சென்னை எல்லைச் சாலை, ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்துக் கடனையும் பெற்று, முதலில் தச்சூருக்கு வந்து, அங்கிருந்து திருவள்ளூருக்குப் போகிறது. சித்தூரிலிருந்து வரும் ஆறு வழிப் புதுச்சாலையும் இங்கேயே முடிகிறது. பெரியபாளையத்தில் பவானியம்மன் கோயிலுக்கு வந்தவர்கள் கூட்டமாக இறங்கிவிட, பஸ் காலியாகி ஊத்துக்கோட்டைக்குப் போயிற்று. அந்தச் சித்தூர்ச் சாலைக்கு நிலம் எடுப்பதை ஊத்துக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் வருஷக்கணக்கில் எதிர்த்துப் போராடினார்கள். மூன்று போகம் விளைகிற நஞ்சையை விட்டுவிட்டு, வேறு வழியாகக் கொண்டுபோங்கள் என்பதே அவர்கள் வாதம். நான் பார்த்தபோது ஒரு பக்கம் நாற்று விட்ட வயல். அதை ஒட்டினாற்போல் ஆள் உயரத்துக்கும் மேலே செம்மண் மேடு. வயலுக்கு வருகிற வாய்க்கால் அந்த மேட்டுக்குக் கீழே சிமெண்டுக் குழாயில் நுழைந்து வெளிப்பட்டது. இந்தச் சாலையில் உள்ளூர் பஸ் நின்று ஆள் ஏற்றாது. குறுக்கே போகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நிலம் கொடுத்த கிராமத்துக்குச் சாலை இல்லை, சாலையின் சத்தம் மட்டும் உண்டு.

பூண்டி நீர்த்தேக்கத்தின் ஓரமாகத் திருவள்ளூர் வந்து சேர்ந்தேன். அன்று அமாவாசை. வீரராகவப் பெருமாளைச் சேவிக்க வந்தவர்களால் கோயில் வீதியும் குளக்கரையும் நிறைந்திருந்தன. அவர்களில் மிகப் பலர் ரயிலில் வந்தவர்கள். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டபோது சென்ற வழி இதுவே. இன்று இவ்வழியில் நான்கு பாதைகள் ஓடுகின்றன. எக்ஸ்பிரஸுக்கும் லோக்கலுக்கும் வழி பிரிந்திருப்பதன் சௌகரியம், வடக்குப் பாதையில் வந்துவிட்டு இங்கே ஏறுகிறவர்களுக்கு உடனே விளங்கும். ஒரே ஜில்லாவில், ஒரு கை நன்றாக வேலை செய்கிறது; மற்றொரு கைக்கு வைத்தியம் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது.

2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகர பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை என்று மாநில சர்க்கார் செய்த ஏற்பாட்டின் பயனை, பெரியபாளையம் மார்க்கத்தில் காய்கறி மூட்டையோடு ஏறி இறங்கிய பெண்கள் கூட்டத்தில் கண்டேன். கட்டணத்தை நீக்கியதும் எத்தனை பேர் பஸ்ஸுக்கு வருகிறார்கள் என்பதை அந்த ஒரு காரியமே நிரூபித்துவிட்டது. பஸ் வந்தால் ஜனங்கள் வருவார்கள், வராதது பஸ்தான்.

நெடுஞ்சாலை அதிகாரிகளிடமும் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் நம்மால் அனுப்பப்பட்டவர்களிடமும் கேட்க வேண்டியவை அதிகமில்லை. கல்கத்தாச் சாலையில் இன்னொரு வழியோ, சாவடியில் இன்னொரு வரிசையோ சேர்ப்பதற்கு முன்னால், கும்மிடிப்பூண்டி வரையில் மூன்றாவது, நான்காவது இருப்புப்பாதைகளை முடித்துக் கொடுங்கள். ஷிப்ட் விடுகிற நேரத்துக்குப் பொருந்த சிப்காட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் பஸ் விடுங்கள். தச்சூரிலிருந்து திருவள்ளூருக்கு எல்லைச் சாலை திறக்கப்படும் முதல் நாளிலிருந்தே கும்மிடிப்பூண்டி–திருவள்ளூர் பஸ் அதில் ஓடட்டும். அது மாநில சர்க்கார் போடுகிற சாலையாகையால், மாநில சர்க்காரின் பஸ்ஸிடம் அங்கே சுங்கம் கேட்க வேண்டாம்.